யோசனையும் உடம்பு நோவும்: வேலைக்குத் திரும்பும் உங்களுக்கு

நீங்கள் உங்கள் காணிக்குத் திரும்பிவிட்டீர்கள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, தறப்பாளோ தகரமோ போட்டு ஒரு கொட்டில் அமைத்திருப்பீர்கள். இந்தக் கைநூலின் மற்றப் பகுதிகள் பதிவு, காணி உறுதி, மிதிவெடி அபாயம், வீட்டுத்திட்டம் என்பவற்றைச் சொல்கின்றன. இந்தப் பகுதி உங்கள் உடம்பைப் பற்றியது. மண்வெட்டி பிடிக்கிற கையும் வலை இழுக்கிற முதுகும் இருந்தால்தானே மற்றதெல்லாம் நடக்கும்.

மீள்குடியேறிய கிராமங்களில் நடமாடும் மருத்துவ சேவை நடக்கும் நாட்களில் வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் ஏறத்தாழ ஒரே மாதிரியான முறைப்பாடுகள்தான் வரும். “உடம்பெல்லாம் உளையுது.” “நாரி பிடிச்சபடி, நிமிரேலாது.” “உச்சி கொதிக்குது.” “நெஞ்சு இடிக்குது, கை விறைக்குது.” டொக்டர் பிரஷர் பார்க்கிறார், இரத்தம் சோதிக்கிறார், சிலவேளை ஈ.சி.ஜி.யும் எடுக்கிறார். கடைசியில் “ஒன்றுமில்லை” என்று சொல்லிப் பனடோல் தருகிறார். வீட்டுக்குப் போகும் வழியில் மனம் நொந்துபோகிறது: “நான் பொய் சொல்லுறன் எண்டு நினைச்சிட்டினம்.”

நீங்கள் பொய் சொல்லவில்லை. அந்த நோ உண்மையான நோ. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், நோ இல்லை என்று பொருளல்ல. அந்தச் சோதனை தேடிய நோய் இல்லை என்பது மட்டுமே பொருள். பல வருடங்கள் பயத்தோடும் இழப்போடும் ஓடிய உடம்பு எப்படி நோக ஆரம்பிக்கிறது, அதற்கு நீங்கள் என்ன செய்யலாம், எப்போது கட்டாயம் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

ஆபத்து வந்த நேரத்தில் உடம்பு செய்த வேலை

செல் சத்தம் கேட்ட அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். (நினைக்கக் கஷ்டமாக இருந்தால் இந்தப் பந்தியை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.) பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தது எப்படி என்று உங்களுக்கே தெரியாது. அவ்வளவு பாரத்தைத் தூக்க உங்களால் முடியும் என்று நீங்கள் அதற்கு முன் நினைத்திருக்க மாட்டீர்கள். அந்தப் பலத்தைத் தந்தது உங்கள் உடம்புதான். சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி போல இருக்கும் இரண்டு சிறிய சுரப்பிகள் அதிரினலின் என்ற பொருளை இரத்தத்தில் விட்டன. இதயம் வேகமாக அடித்தது. மூச்சு வேகமானது. கழுத்து, தோள், முதுகு, தொடைத் தசைகள் இறுகின. இரத்தத்தில் சீனி கூடியது. அந்த நேரத்துக்குத் தேவையில்லாத வேலைகளான சமிபாடு, நித்திரை, பசி எல்லாம் ஒதுக்கி வைக்கப்பட்டன.

இது நோயல்ல. பாம்பைக் கண்டு துள்ளுவதும் இதே வேலைதான். பாம்பு போய்விட்டால் சிறிது நேரத்தில் உடம்பு தணிந்துவிடும். ஆனால் போர்க்காலத்தில் பாம்பு போகவேயில்லை. ஒரு இடம்பெயர்வு முடிய இன்னொன்று. அதன்பிறகு முகாம். முகாமில் தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசை, காணாமற்போனவரைத் தேடுதல், எப்போது ஊருக்கு விடுவார்கள் என்ற ஏக்கம். மாதக்கணக்காக, சிலருக்கு வருடக்கணக்காக, உடம்பு இறுகியபடியே இருந்தது. 1990இல் வெளியேறி இப்போதுதான் திரும்புகிறவர்களுக்கு அது ஒரு வாழ்நாளின் பெரும் பகுதி. இப்போது ஊரில் சத்தம் இல்லை. ஆனாலும் கண்ணிவெடி அகற்றுவோர் தூரத்தில் ஒன்றை வெடிக்கவைத்தால், தகரக் கதவு காற்றில் அடித்தால், ஹெலி ஒன்று தாழப் பறந்தால், உங்களுக்கு முன்னரே உங்கள் உடம்பு குனிந்துவிடுகிறது. பழகிய பழக்கத்தை அது இன்னும் விடவில்லை.

நம் பேச்சில் இது எப்போதோ பதிந்திருக்கிறது. பயம் வந்தால் “ஈரக்குலை நடுங்குது” என்கிறோம். பிள்ளையை இழந்த தாய் “பெத்த வயிறு பத்தி எரியுது” என்கிறாள். துக்கம் “நெஞ்சை அடைக்குது”. மனமும் உடம்பும் வேறு வேறு என்று நம் ஆச்சிமார் ஒருபோதும் நினைத்ததில்லை. “இது உடம்பு வருத்தமா, மன வருத்தமா?” என்று பிரித்துக் கேட்பது பிறகு வந்த பழக்கம்.

எந்த நோ எப்படி வருகிறது

நாள் முழுவதும் ஒரு வாளி தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் கை நோகும். பயத்தில் இறுகிய தசைகளும் அப்படித்தான். நீங்கள் கவனிக்காமலே தோள் காதை நோக்கி உயர்ந்திருக்கும், பல் கடித்தபடி இருக்கும். பின் கழுத்திலும் நெற்றிப்பொட்டிலும் தலையிடி, நாரியில் பிடிப்பு, தோளில் உளைவு இதனால் வருபவை. அந்த முதுகோடு கல் சுமந்தால் நோ இரட்டிப்பாகும்.

மூச்சு வேகமாகவும் மேலாகவும் ஓடினால், இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு குறைந்துவிடும். அப்போது விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் விறைக்கும், தலை சுற்றும், நெஞ்சு அடைப்பது போலிருக்கும். அதைக் கண்டு பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும், விறைப்பும் கூடும். பாரிசவாதம் வந்துவிட்டது என்று இரவில் வைத்தியசாலைக்கு ஓடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு நடப்பது இதுதான். ஓடியது தவறல்ல. எது எது என்பதை வீட்டில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது.

வயிற்றெரிவு, வயிற்றுப் பொருமல், அடிக்கடி வயிற்றாலை போவது, பசியில்லாமை ஆகியவை சமிபாடு குழம்பியதால் வருகின்றன. நீரிழிவு இருப்பவருக்கு யோசனை கூடிய நாட்களில் சீனி ஏறும். பிரஷர் இருப்பவருக்குப் பிரஷர் ஏறும். அதனால் “யோசனையால்தான் ஏறுது” என்று சொல்லிக் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. யோசனையும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

நித்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சரியான நித்திரை இல்லாதவருக்கு அதே காயம், அதே பாரம், அதே வெயில் எல்லாம் கூடுதலாக நோகும். நோ கூடினால் நித்திரை இன்னும் குறையும். இந்தச் சில்லு சுற்றத் தொடங்கினால் தானாக நிற்பது அரிது. இரவில் கனவு கண்டு எழும்பிய கடற்றொழிலாளி விடிய இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறார். வலை வைத்துத் திரும்பும்போது கண் மயங்குகிறது. அரிவுவெட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர், மரம் அரிபவர், வீட்டுக்கூரையில் ஏறி நிற்கும் மேசன், எல்லோருக்கும் இது உயிராபத்து.

பழைய காயம் உள்ளவர்கள் இன்னொன்றை அறிய வேண்டும். காலை இழந்தவர்களில் பலருக்கு இல்லாத காலின் விரலில் நோவும் எரிவும் வரும். அதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று பலர் வாய் திறப்பதில்லை. அது வைத்தியர்கள் நன்றாக அறிந்த ஒன்று. காலிலிருந்து செய்தி கொண்டுவந்த நரம்பும் அந்தச் செய்தியை வாங்கிய மூளையும் இன்னும் வேலை செய்வதால் வருவது. அதற்கென மருந்தும் பயிற்சியும் உண்டு. உடம்பில் சன்னத் துண்டு இருப்பவர்களுக்குப் பாரம் தூக்கிய நாட்களில் அந்த இடம் உளையலாம். பெரும்பாலான துண்டுகளை எடுக்காமல் விடுவதே பாதுகாப்பு என்று வைத்தியர் முடிவெடுத்திருப்பார். ஆனால் அந்த இடம் சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், கீழ்ப்பகுதி உணர்விழந்தால் உடனே காட்டுங்கள்.

உங்களைப் போல எத்தனை பேர்

தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைப்பது பெரிய பாரம். 2009இல் போர் முடிந்த சில மாதங்களுக்குள் யாழ்ப்பாண மாவட்டத்தில் வீடு வீடாக ஒரு ஆய்வு நடத்தப்பட்டது. கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனப்பதட்டத்தின் அறிகுறிகளும், ஐந்தில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வின் அறிகுறிகளும் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்து இருந்தவர்களிடம் இவை இன்னும் கூடுதலாக இருந்தன.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களிடம் நடத்தப்பட்ட இன்னொரு ஆய்வு எங்கள் விடயத்துக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்கு ஏதோ ஒரு உளநலப் பிரச்சினை இருந்தது. அதில் மிகக் கூடுதலாகக் காணப்பட்டது பயமோ அழுகையோ அல்ல. உடம்பு நோவாக வெளிப்படும் வருத்தம். நூற்றுக்கு 14 பேரிடம் அது இருந்தது. வேலை, கலியாணம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஓரளவு ஒழுங்காகிய பிறகும் உடம்பு மட்டும் கணக்கை முடிக்கவில்லை.

இதை வாசித்து “எனக்கும் வந்துவிடும்” என்று பயப்படத் தேவையில்லை. இந்த எண்களை மறுபக்கமாகவும் பாருங்கள்: அத்தனையையும் பட்டும் கூடுதலானவர்கள் நோய்ப்படவில்லை. பலருக்கு வேலை, வீடு, உறவு ஒழுங்காக ஒழுங்காக நோவும் குறைந்துவிடும். குறையாதவர்களுக்கு உதவி தேவை, அவ்வளவுதான்.

வேலை மருந்தா, நஞ்சா?

இரண்டுமாக இருக்கலாம். தோட்டம் செய்யத் தொடங்கிய பிறகு நித்திரை வந்தது என்று சொல்பவர்கள் பலர். உண்மைதான்: உடம்பு களைக்கிறது, கையில் நாலு காசு வருகிறது, நாலு பேரோடு கதைக்க முடிகிறது. கத்தரி பூத்தது, மிளகாய் காய்த்தது என்று நாளைக்கு ஒரு காரணமும் இருக்கிறது.

ஆனால் சிலர் யோசனையிலிருந்து தப்புவதற்காகவே வேலை செய்கிறார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி இருட்டும் வரை இருக்காமல் நிற்காமல் வேலை. நின்றால் நினைவு வந்துவிடும் என்ற பயம். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களிடம் இதை அதிகம் காணலாம்: காலையில் கூலிக்கு வெங்காயம் பிடுங்கப் போய், பின்னேரம் கோழி, மாடு, இரவில் தையல், அதற்குள் கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய கடன். சாப்பாடு பிள்ளைகளுக்குப் போட்ட மிச்சம். ஒரு நாள் நாரி பிடித்துக் கிடப்பில் விழுந்தால், முழுக் குடும்பமும் விழுகிறது. அந்த உடம்பு சோம்பேறித்தனத்தால் விழவில்லை. மாதக்கணக்காக வட்டிக்கு ஓடியது, ஒரு நாளில் முதலையும் கேட்டுவிட்டது.

நோ உள்ளவர்கள் வேலையை முற்றாக விடுவதும் நல்லதல்ல. படுத்தே இருந்தால் தசை மெலியும், யோசனை கூடும், நோவும் கூடும். நோ வரும்வரை வேலை செய்து பிறகு ஓய்வதற்குப் பதிலாக, நோ வரும் முன்னரே ஓயப் பழகுங்கள். அரை மணித்தியாலம் கொத்தினால் முதுகு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால், இருபது நிமிடத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வேறு வேலை செய்யுங்கள்: தண்ணீர் குடிப்பது, விதை பார்ப்பது, வேலிக் கதியால் கட்டுவது. ஒரு கிழமை அப்படிச் செய்துவிட்டு இருபதை இருபத்திரண்டாக்குங்கள். நல்லாயிருக்கிற ஒரு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று பாயாதீர்கள். அடுத்த மூன்று நாளும் படுக்கையில் போவது அதனால்தான்.

கூலிக்குப் போகிறவருக்கு இப்படி நேரம் பிரிக்க முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். அப்படியென்றால் வேலையை மாற்றி மாற்றிச் செய்ய முதலாளியிடமோ கூட்டாளிகளிடமோ கேளுங்கள்: ஒரு மணித்தியாலம் கல் தூக்கினால் அடுத்த மணித்தியாலம் சீமெந்து குழைப்பது. “எனக்கு உடம்பு ஏலாது” என்று சொல்வதை விட “நாரிக் காயம் இருக்கு, மாறி மாறிச் செய்தால் முழுநாளும் நிண்டு தருவன்” என்றால் கேட்பவருக்கும் விளங்கும். வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சத்தத்துக்குத் திடுக்கிடும் ஒருவரைப் பின்னால் நின்று பயமுறுத்திச் சிரிப்பது பகிடியல்ல. கையில் கத்தி இருக்கும்.

குளிசை, கசிப்பு, கடைப் பொட்டலம்

நோவுக்குப் பனடோல் போடலாம். வளர்ந்தவர் ஒருவர் 500 மில்லிகிராம் குளிசை இரண்டுக்கு மேல் ஒரே முறையில் போடக் கூடாது; அடுத்த முறைக்குக் குறைந்தது நாலு மணித்தியாலம் விட வேண்டும்; ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகவே கூடாது. மது குடிப்பவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் இதுவும் அதிகம், டொக்டரிடம் கேளுங்கள். நாளாந்தம் தலையிடிக் குளிசை போடுகிறவருக்கு அந்தக் குளிசையாலேயே தலையிடி வரத் தொடங்கும் என்பது பலருக்குத் தெரியாது.

கடையில் “உடம்பு நோவுக்கு” என்று கட்டித் தரும் பல நிறக் குளிசைப் பொட்டலத்தை வாங்காதீர்கள். அதற்குள் என்ன இருக்கிறதென்று தருபவருக்கே சிலவேளை தெரியாது. டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்ற நோக் குளிசைகளை வெறும் வயிற்றில் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண் வரும், இரத்தம் கசியும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துகொண்டு போட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கசிப்பும் சாராயமும் முதல் மணித்தியாலத்தில் கண்ணை மூடவைக்கும். நடுச்சாமத்தில் அதே பொருள் எழுப்பிவிடும். கனவும் வியர்வையும் கூடவே வரும். அடுத்த நாள் மனம் முன்னையிலும் கீழே கிடக்கும், காசும் போயிருக்கும். குடிக்கிறவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நித்திரைக்காகத்தான் அவர் தொடங்கினார் என்பதை வீட்டிலுள்ளவர்களும் தெரிந்திருக்க வேண்டும். நித்திரைக்கு வேறு வழி கிடைத்தால் சிலருக்குப் போத்தலைக் குறைப்பது இலகுவாகும். நாளாந்தம் கூடுதலாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். டொக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், நம் மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த முறைகளையே சிகிச்சையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். புதிதாக எதையும் படிக்கத் தேவையில்லை. மெதுவாக, ஒரே சீராக, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மூச்சு தானாக நீள்கிறது. சைவர்களுக்கு அது ஒரு மந்திரமாக இருக்கலாம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். எதையும் விரும்பாதவர் மூச்சை எண்ணலாம்: நாலு எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே. பத்து நிமிடம், காலையும் மாலையும். நெஞ்சு இடிக்கிற நேரத்தில் முதன்முதலாகச் செய்துபார்த்தால் பலன் வராது. சுகமாக இருக்கும்போதே பழகி வைத்திருக்க வேண்டும், நீச்சல் போல.

பாயில் மல்லாந்து படுத்து, பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாக இறுக்கி ஐந்து எண்ணிவிட்டுத் தளரவிடுங்கள்: பாதம், தொடை, வயிறு, கைமுட்டி, தோள், முகம். எங்கே இறுக்கம் இருந்ததென்று தளரவிட்ட பிறகுதான் தெரியும். எண்ணெய் தேய்த்து முழுகுவதும் வீண் வேலையல்ல. நோகிற தோளை ஒருவர் அன்பாகத் தடவிவிடுவது மருந்துதான். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி நாரியில் வைக்கலாம். ஆனால் உணர்வில்லாத இடத்தில் வைக்காதீர்கள், வெந்துபோகும், தெரியாது.

கனவு கண்டு எழும்பினால் இருட்டில் படுத்தபடி போராடாதீர்கள். எழும்பி இருந்து இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றுங்கள். விளக்கைக் கூட்டுங்கள். “இது என்ரை வீடு. இண்டைக்கு இந்தக் கிழமை. பிள்ளையள் பக்கத்தில படுத்திருக்கினம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முகம் கழுவுங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணியைக் குறையுங்கள். பகலில் நித்திரை கொண்டால் அரை மணித்தியாலத்தோடு எழும்புங்கள். இரவு முழுக்கக் கடலில் நிற்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர் பகலில் இருட்டான ஒரு இடத்தில் ஒழுங்காக நித்திரை கொள்ள வேண்டும்.

சில மாதங்கள் வரும்போது நோ கூடும். இழப்பு நடந்த அந்த நாளுக்குக் கிட்டக்கிட்ட உடம்பு கனக்கும், காய்ச்சல் போலிருக்கும், திகதியை மறந்திருந்தாலும்கூட. அந்தக் கிழமையில் வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். திவசம், நினைவுத் திருப்பலி, கத்தம் என்று உங்கள் வழக்கப்படி செய்யக்கூடியதைச் செய்யுங்கள். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவர்களின் குடும்பங்களுக்கு இந்த வழியும் அடைபட்டிருக்கிறது. விளக்கேற்றவும் முடியாது, ஏற்றாமல் இருக்கவும் முடியாது. அவர்களிடம் “மறந்துபோட்டு வேலையைப் பார்” என்று யாரும் சொல்லக் கூடாது. அதே நிலையிலுள்ள மற்றக் குடும்பங்களோடு சேர்ந்திருப்பது பலருக்கு ஓரளவு மூச்சுவிட இடம் தந்திருக்கிறது.

“யோசனைதான்” என்று விடக்கூடாதவை

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மன உளைச்சல் உள்ளவருக்கும் மற்ற நோய்கள் வரும். எல்லாவற்றையும் யோசனையின் தலையில் போட்டால் அவை மறைந்து வளரும்.

நெஞ்சை அழுத்துவது போன்ற நோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர் வியர்வை, மூச்சுத்திணறல்: நேரம் பார்க்காமல், வாகனம் எதுவோ அதில், உடனே வைத்தியசாலை. வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் திடீரெனப் பலமிழத்தல், பேச்சுக் குழறல்: அதேபோல் உடனே. இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடம்பு மெலிதல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். நெருக்கமான முகாம்களில் இருந்து வந்தவர்களுக்குக் காசநோய் வாய்ப்பு உண்டு. வயலில் நின்ற பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பனடோலோடு காத்திருக்காதீர்கள், முதலே வயலில் இறங்குவதாகச் சொல்லுங்கள். கறுப்பாக மலம் போதல், நாரி நோவோடு சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போதல் இவையும் உடன் காட்ட வேண்டியவை. எப்போதும் களைப்பாகவும் முகம் வெளிறியும் இருக்கும் பெண்களுக்கு இரத்தச்சோகை சோதிக்கப்பட வேண்டும்.

இன்னொரு அறிகுறிக்குச் சோதனை இல்லை. “இருந்து என்ன பலன்”, “நான் போனால் எல்லாருக்கும் நிம்மதி” என்று ஒருவர் சொன்னால் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக விடாதீர்கள். “சாகவேணும் எண்டு நினைக்கிறியளோ?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. வந்திருந்தால் வெளியே வரும். அவரைத் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். எல்லா வீடுகளிலும், யாருக்கும் வருத்தம் இல்லாவிட்டாலும், பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியைப் பூட்டி வையுங்கள்.

வைத்தியசாலையில் யாரிடம் போவது

அரச வைத்தியசாலையில் எல்லாம் இலவசம். முதலில் உங்களுக்குக் கிட்டவுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். ஆதார வைத்தியசாலைகளிலும் மாவட்ட வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவு இருக்கும். நேரே அங்கும் போகலாம். கிராமத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் கிளினிக் நாளைச் சொல்வார். உளவளத்துணையாளரும் இருந்தால் அவரிடம் பெயர் பதியலாம். நீங்கள் சொல்வதை அவர் ஊருக்குள் கொண்டுபோக மாட்டார்.

“அங்க போனால் விசர் எண்டுவினம்.” இந்தப் பயத்தால்தான் கூடுதலானவர்கள் போகாமல் விடுகிறார்கள், குறிப்பாகக் கலியாண வயதில் பிள்ளைகள் உள்ளவர்கள். உளநலப் பிரிவில் வரிசையில் நிற்பவர்களில் நித்திரை வராத ஆசிரியர், தலையிடிக்கார ஓட்டுநர், நெஞ்சிடி உள்ள கடைக்காரர் எல்லோரும் இருப்பார்கள். நாரி நோவுக்கு எலும்பு டொக்டரிடம் போவது போலத்தான் இதுவும்.

மருந்து தந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் தரும் குளிசைகள் பனடோல் போல ஒரு மணித்தியாலத்தில் வேலை செய்யாது. இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். முதற் கிழமையில் ஓங்காளமோ தலைச்சுற்றோ வந்து, பிறகு குறையலாம். மூன்றாம் நாள் “ஒண்டும் செய்யேல்லை” என்று நிறுத்தினவர்களும், இரண்டு மாதத்தில் “சுகம் வந்திட்டுது” என்று தாங்களே நிறுத்தினவர்களும் திரும்பி வருகிறார்கள். நிறுத்துவதென்றால் டொக்டரோடு சேர்ந்து மெல்ல மெல்ல நிறுத்த வேண்டும். நூல் கட்டுவதும் நேர்த்தி வைப்பதும் உங்கள் விருப்பம். குளிசையை அதற்காக நிறுத்தத் தேவையில்லை. நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

டொக்டருக்கு உங்களுக்காக இருப்பது சில நிமிடங்கள். “உடம்பெல்லாம் நோகுது” என்று மட்டும் சொன்னால் அவர் நோக் குளிசைதான் எழுதுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ஆறு மாதமாய் நாரி நோகுது. இரவில ரெண்டு மணிக்குப் பிறகு நித்திரை இல்லை. சண்டையில மகனை இழந்தனான். தோட்ட வேலை செய்யிறன், இப்ப அரைநாள்தான் ஏலுது.” இந்த நாலு வசனத்தில் அவருக்குத் தேவையான பெரும்பாலானது இருக்கிறது. சொல்ல நாக்கு வராவிட்டால் பிள்ளையைக் கொண்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போடுகிற குளிசைகளின் வெற்று அட்டையையும், முன்னர் எடுத்த எக்ஸ்ரேயையும், முகாம் கிளினிக்கில் தந்த கொப்பியையும் கொண்டுபோங்கள். கொப்பி நனைந்து கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. மருந்தின் பெயரும் திகதியும் வாசிக்க முடிந்தால் போதும்.